கேட்டது, கேட்காதது, கேட்ட மாதிரி இருந்தது

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரு படிவத்தைக் கொடுப்போம். உடம்புக்குள் இரும்பு ஏதும் இருக்கிறதா, இதயத்தில் கருவி பொருத்தியிருக்கிறதா, மூடிய இடத்தில் படுத்தால் பயம் வருமா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் படித்துக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த அக்கா அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

"அம்மணி, இந்த ஒம்போதாங் கேள்விக்கு எதை எழுதறதுன்னு தெரியலீங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

ஊசி, ஆணி போன்றவை உடம்பில் ஏறியதுண்டா என்பது அந்தக் கேள்வி. எட்டு வயதில் சாக்குத் தைக்கிற கோணி ஊசி அவர் காலில் ஏறி முறிந்துவிட்டதாம். முழுசாக எடுத்தாகிவிட்டது என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார்.

"அம்மா சொன்னதுங்க. நான் கண்ணுல பாக்கலை. அதனால இருக்குதுன்னும் எழுத முடியாது, இல்லைன்னும் எழுத முடியாது."

அவருடைய காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க அனுப்பினேன். ஆராய்ச்சி டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடைவழியில் நின்றார். முக்கால் மணி நேரம் வீணானது. ஊசி எதுவும் இல்லை. அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

"எங்கம்மா சொன்னது நெசந்தானுங்க. நாப்பது வருசம் கழிச்சுத் தெரிஞ்சுபோச்சு" என்று டாக்டரிடமே போய்ச் சொன்னார். அவரும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது.

நான் தாராபுரத்துக்காரி. அப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் இயந்திரத்தை இயக்குகிற வேலை. நடைவழியில் நின்ற அந்த மனநல டாக்டர் தன் ஆராய்ச்சிக்காக வாரத்தில் இரண்டு நாள், முற்பகல் நேரத்தில், எங்கள் இயந்திரத்தை எடுத்துக்கொள்வார். யாரும் பேசாதபோதும் காதில் பேச்சுக் குரல் கேட்கிறவர்களுக்கு, அந்தக் குரல் வருகிற நேரத்தில் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம் எடுத்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு ஒத்துக்கொண்டு வந்தவர்களில் ஒருவர்தான் அக்கா. அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில் பால் சோதிக்கிற வேலை பார்த்தார். மல்லிகைப் பூ நிறத்தில் சேலை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் ஒரு டிபன் பை. பார்த்தால் பள்ளிக்கூடத்து டீச்சர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அவருக்கு இருபது வயதிலிருந்து குரல்கள் கேட்டன. மனச்சிதைவு என்று அந்த நோய்க்குப் பெயர். அந்தப் பெயர் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "எனக்கு என்னுங்க செதைஞ்சிருக்குது? எல்லாம் இருந்த எடத்துலதான் இருக்குது. ஆளு மட்டும் ரெண்டு மூணு கூட இருக்குது" என்பார்.

சரியாகச் சொன்னால் மூன்று பேர். ஒருவர் பெரியவர். அக்கா என்ன செய்கிறாரோ அதை அப்படியே சொல்லிக்கொண்டு வருவார். 'இப்ப செருப்பைத் தேடறா. கெடைச்சுருச்சு. போடறா.' இரண்டாவது ஒரு பெண் குரல். பேரைச் சொல்லி மட்டும் கூப்பிடும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. மூன்றாவது ஒரு ஆண் குரல். திட்டுவான். அவன் திட்டுவதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். அவன் பேசுகிற தோரணையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இருவது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை 'ங்க' போட்டிருக்கானா? வாடி, போடி, இதேதான். எங்கூட்டுல பொறந்த கொழந்தைகூட என்னைய அப்படிப் பேசாது. மரியாதையாப் பேசினாப் பதில் சொல்லறேன், இல்லாட்டிப் போன்னு சொல்லிப்போட்டேன்."

"சொன்னதுக்கு அவன் என்ன பண்ணினான்?"

"இன்னும் கொஞ்சம் கத்துனான். அப்புறமேட்டுக்குப் போயிட்டான்."

மாத்திரையை அவர் ஒரு நாளும் தவற விட்டதில்லை. அதனால் குரல்கள் அடங்கியிருந்தனவே தவிர, முழுக்கப் போய்விடவில்லை. அவர்களோடு சேர்ந்து வாழ்வதற்கு அவர் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். காது விஷயம் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்துவிடுவார். கேட்டது, கேட்காதது, கேட்ட மாதிரி இருந்தது. கேட்டது என்றால் வெளியிலிருந்து வந்தது. பக்கத்தில் இருக்கிறவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என்றால் காதில் விழவே விழாதது, யார் சொன்னாலும் அதைக் கேட்டதாக ஒத்துக்கொள்ள மாட்டார். கேட்ட மாதிரி இருந்தது என்றால் அவருக்கு மட்டும். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் விசாரித்துவிடுவார். எங்கள் சென்டரில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று என் பக்கம் திரும்புவார்.

"அம்மணி, இப்ப யாராச்சும் டோக்கன் நம்பர் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க அக்கா. பதினாலு."

"செரி. அப்ப அது வெளியாளு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார்.

அவரிடம் எதையும் ஒப்புக்குக் கேட்கக் கூடாது. ஊசி போடுகிற நர்ஸ் "வலிக்குதாம்மா?" என்றால், "போடறப்ப இல்லீங்க, எடுக்கறப்பக் கொஞ்சம்" என்று பதில் வரும். என் டிபனைப் பகிர்ந்து கொடுத்து "நல்லா இருக்கா அக்கா?" என்று கேட்டேன். ஒரு வாய் மென்று, யோசித்து, "பொரியல் நல்லா இருக்குதுங்க. கொழம்புல புளி ஒரு சுத்து அதிகம்" என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவருக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கும் இந்தக் குணம்தான் காரணம். இருபத்து நாலு வயதில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, சும்மா பேச்சுக்கு, "உடம்பு சொகந்தானே கண்ணு?" என்று கேட்டிருக்கிறார்.

"கேட்டுப்போட்டாங்க. நான் என்ன பண்றது? உடம்பு சொகந்தானுங்க, காதுல மட்டும் ஆளு பேசற மாதிரி இருக்குமுங்க, அதுக்கு மாத்திரை சாப்படறேனுங்கன்னு சொன்னேன். காப்பி டம்ளரை அப்படியே வெச்சுட்டாங்க. அந்த மாப்பிள்ளை நல்லவருங்க. போறப்ப என்னையப் பாத்துக் கும்பிட்டுட்டுத்தான் போனாரு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். இருந்தால்கூட அன்றைக்குக் கொண்டுவரவில்லை.

முதல் ஸ்கேன் அன்று டாக்டர் அவருக்குச் சொன்னது இதுதான். குழாய் போன்ற இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கையில் ஒரு பொத்தான் கொடுப்போம். குரல் கேட்க ஆரம்பித்ததும் அமுக்க வேண்டும், நின்றதும் விட்டுவிட வேண்டும். அவர் அமுக்கினால் வெளியே என் மேசையில் இருக்கிற திரையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். எந்தெந்த நொடியில் எரிந்தது என்பது பதிவாகும். பிறகு அந்த நொடிகளில் மூளைக்குள் என்ன நடந்தது என்று கணக்கிட்டுப் பார்ப்பார்கள்.

நாற்பது நிமிடம் படம் எடுத்தோம். பச்சை விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை.

வெளியே வந்தபோது அக்கா சங்கடப்பட்டார். "ஊட்டுக்கு ஒறம்பரை வருவாங்கன்னு உங்களையெல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சுப்போட்டு, ஒருத்தரும் வராத மாதிரி ஆயிப்போச்சுங்க. அந்த மெசினு சத்தம் பக்கத்துல போர்வெல் போடற மாதிரி இருக்குது. பயந்துக்கிட்டாங்களோ என்னமோ."

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். இந்த முறை அவருடைய அண்ணனும் கூட வந்தார். வாழைத் தோட்டமும் நாலு மாடும் வைத்திருக்கிறவர். வெள்ளை வேட்டி, குறைந்த பேச்சு. தங்கையின் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு என் மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் பச்சை விளக்கு எரியவில்லை. பாதி நேரம் ஆனபோது டாக்டர் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தார். ஆராய்ச்சிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், இயந்திர நேரம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். இரண்டு முறை வந்தும் ஒன்றும் பதிவாகாவிட்டால் அக்காவை விட்டுவிட வேண்டியதுதான்.

இடைவேளை விட்டு, படுத்த நிலையிலேயே அவரைக் குழாயிலிருந்து வெளியே எடுத்தோம். அண்ணன் உள்ளே வந்து குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

"ஏ புள்ளை, நாலஞ்சு தடவை அமுக்கிப்போடு. அவங்களுக்கும் வேலை முடியும், நம்மளும் பொழுதோட ஊடு போய்ச் சேரலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

அக்கா தலையை அசைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், மேலே கூரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"கேக்காததைக் கேக்குதுன்னு எப்படிங்ணா அமுக்கறது? அதைத்தானே நான் இத்தனை வருசமாப் பண்ணிட்டு இருக்கறேன்னு ஊர்ல சொல்றாங்க?"

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மீதி இருபது நிமிடமும் விளக்கு எரியவில்லை.

அன்று கிளம்பும்போதுதான் ஊரில் என்ன நடக்கிறது என்பதை அக்கா சொன்னார். பாலில் ஒரு கண்ணாடிக் குச்சியை மிதக்க விட்டு, அது எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. நல்ல பாலில் இருபத்தெட்டுக்குக் குறையாமல் நிற்கும், தண்ணீர் கலந்திருந்தால் டிகிரி குறையும். பாலைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருவருடைய பாலை ஒரே வாரத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் சொசைட்டியில் நின்று கேட்டிருக்கிறார்: "அவளுக்கு இல்லாத பேச்செல்லாம் காதுல கேக்குது. கண்ணுக்கு மட்டும் இல்லாத தண்ணி தெரியாதுன்னு என்ன நிச்சயம்?" அது நாலு பேருக்கு நியாயமாகப் பட்டுவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பால் ஊற்றி முடித்ததும், உறுப்பினர்கள் எல்லாம் கூடி அவரை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேசப் போகிறார்கள்.

"அதுக்காகத்தான் ஸ்கேனுக்கு வந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இந்தப் படம் எதுக்கும் சர்டிபிகேட் ஆகாதுங்க. உங்க கண்ணு சரியாத் தெரியுதான்னு இது சொல்லாது."

"அதுக்கு வரலீங்க. உங்களுக்கு ஆளு வேணும்னீங்க, வந்தேன். மெசினு ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. நீங்க ரெண்டு பேரும் இங்க பாத்ததை வந்து சொன்னாப் போதும்."

வைத்தியத்துக்கு வருகிறவரின் விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று டாக்டர் தயங்கினார். "ஊருக்கே தெரிஞ்சதுதானுங்க" என்றார் அக்கா. முடிவில் அவருடைய சம்மதத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்த தாளை அக்கா கடைசி வரி வரை படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். 'மூன்று முறை ஸ்கேன் செய்யப்பட்டது' என்று தட்டச்சில் விழுந்திருந்ததை 'இரண்டு' என்று அடித்துத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் காரில் நானும் போனேன். சொசைட்டி முன்னால் தகரக் கொட்டகையில் ஐம்பது பேர் இருப்பார்கள். கழுவிக் கவிழ்த்த கேன்களிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு ஓரமாக, நாங்கள் உட்காருவதற்கு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் முதலில் பேசினார். காதில் விழுகிற சத்தம் மூளையில் எங்கே போகிறது, பேச்சு எங்கே உருவாகிறது என்று நல்ல விளக்கமாகத்தான் சொன்னார். ஐந்து நிமிடத்தில் கூட்டம் நெளிய ஆரம்பித்தது. சொசைட்டி செயலாளர் பொறுமையானவர். அவரே, "ஏனுங் டாக்டர், நீங்க சொல்றதெல்லாம் செரிங்க. பால்ல தண்ணி இருந்துச்சா இல்லீங்களா, அதை இதுல கண்டுபிடிக்க முடியுமுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுந்தேன்.

"எனக்கு மூளையப் பத்தியெல்லாம் அவ்வளவு தெரியாதுங்க. நான் மெசின் ஓட்டறவ. அக்கா கையில ஒரு பொத்தான் குடுத்தோம். காதுல பேச்சு கேட்டா அமுக்கணும். ரெண்டு நாள் வந்தாங்க. ரெண்டு நாளும் அவங்க அமுக்கணும்னுதான் நாங்க எல்லாருமே காத்துட்டு இருந்தோம். அமுக்கியிருந்தா எங்களுக்கு வேலை முடிஞ்சிருக்கும். பொய்யா அமுக்கினாலும் எங்களால கண்டுபிடிச்சிருக்க முடியாது. ஆனா ஒரு தடவைகூட அமுக்கலை. கேக்கலைன்னா கேக்கலைன்னுதான் சொன்னாங்க. எது காதுல விழுந்துச்சு, எது விழலைன்னு இவ்வளவு சுத்தமாப் பிரிக்கற ஆளை நான் பார்த்ததில்லைங்க. அவ்வளவுதான்."

புகார் சொன்னவர் பின்னால் இருந்து, "பொத்தானை அமுக்கலைன்னா என் பால்ல தண்ணி இருந்துச்சுன்னு ஆயிருமா?" என்றார். அதுவும் சரியான கேள்விதான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் அக்கா பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே? பால் பாக்கறப்ப உனக்குப் பேச்சு கேக்குமா கேக்காதா?"

'கேக்காதுங்க' என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் மனதுக்குள் அதைச் சொல்லச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

"சில நாள் கேக்குமுங்க" என்றார் அக்கா. "ஒரு பெரியவரு பேசுவாரு. 'குச்சியை உள்ள உடறா, பாக்கறா'ன்னு சொல்லுவாரு. டிகிரி எவ்வளவுன்னு இது வரைக்கும் அவரு சொன்னதில்லீங்க. அதை நான்தான் பாத்துக்கோணும். அன்னிக்கு இருபத்திரண்டு இருந்துச்சுங்க."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு கொட்டகை முழுக்கப் பரவியது. செயலாளர்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்காவின் அண்ணன் எழுந்து நின்றார். கையிலிருந்த துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி மடக்கிப் பிடித்தார்.

"அந்தம்மா சொன்னாங்களே, பொய்யா அமுக்கினாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாதுன்னு. அப்படி அமுக்கச் சொன்னது நான்தானுங்க. அமுக்கிப்போடு போலாம்னேன். மாட்டேன்னுட்டா." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னொண்ணும் இருக்குதுங்க. போன ஆவணி மாசம் என் பாலையே திருப்பி அனுப்பினா. கூடப் பொறந்தவன் பாலைத் திருப்பறாளேன்னு பத்து நாள் அவகூடப் பேசலை. இது ஊருக்குத் தெரியாது. தண்ணி இருந்தது நெசந்தானுங்க. ஒறம்பரைக்குப் பால் எடுத்துட்டேன், அளவு பத்தலை, ஒரு சொம்பு ஊத்துனேன். எத்தனை சொம்புன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பா."

புகார் சொன்னவர் உட்கார்ந்துவிட்டார். அக்காவே வேலையில் தொடரட்டும் என்று கை தூக்கினார்கள். சற்றுத் தாமதமாக அந்த ஆளும் தூக்கினார். அக்கா எங்கள் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அது எப்படி இருக்கிறது என்று நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம்.

இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் செய்தார். புகார் சொன்ன ஆளின் பால் இருபத்தொன்பது டிகிரி என்றார். "நெம்ப நல்ல பாலுங்க. அவரு மாட்டுக்கு ஒரு கொறையும் இல்லை." பிறகு, தான் யோசித்துப் பார்த்ததாகவும், குரல்கள் பெரும்பாலும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், சொசைட்டியில் ஆள் இல்லாத நேரத்தில்தான் வருவதாகவும் சொன்னார். "காலைல அவங்களும் தூங்கறாங்க போல. மத்தியானமா வந்து படுத்துப் பாக்கட்டுமுங்களா?"

இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார், ஆனால் மத்தியானம் எங்கள் இயந்திரம் காலியாகவே இருக்காது. நான் இரண்டு பேரிடம் கெஞ்சி, ஒருவரோடு முறை மாற்றி, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி நேரம் வாங்கினேன். சாயங்காலப் பால் பார்க்க அக்காவால் திரும்பிப் போக முடியாது. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக விடுப்பு எடுத்தார். அன்றைக்குச் செயலாளரே குச்சியைப் பிடித்தாராம்.

படம் எடுக்க ஆரம்பித்த ஆறாவது நிமிடம் பச்சை விளக்கு எரிந்தது. டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எரிந்து, சற்று நேரம் நின்று, அணைந்தது. மறுபடியும் எரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்ததும் அக்கா தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "மொத்தம் பதிமூணு தடவை அமுக்குனேனுங்க. அதுல ஒண்ணு தப்பு. அஞ்சாவது. அம்மணி மைக்குல 'நல்லா இருக்கீங்களா அக்கா'ன்னு கேட்டாங்க, அதுக்கு அமுக்கிப்போட்டேன். பாதில தெரிஞ்சுது. அதைக் கழிச்சுக்கோங்க."

டாக்டர் பதிவைப் பார்த்தார். நான் மைக்கில் பேசிய நொடியும் ஐந்தாவது பச்சை விளக்கும் ஒன்றாக இருந்தன.

"மூணாவது ஆளும் வந்தானுங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"வந்தானே. 'கொழாய்க்குள்ள வந்து படுத்திருக்கறயே, செத்துக்கித்துப் போயிட்டியாடி'ங்கறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தலை ஆடக்கூடாதுன்னீங்களேன்னு அடக்கிட்டேன்."

படத்தைக் கணக்கிட்டு முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. பார்க்க வரச் சொல்லி டாக்டர் கூப்பிட்டபோது அக்கா இன்னொரு நாள் விடுப்பு எடுத்து வந்தார், அண்ணனும் வந்தார். சாம்பல் நிறத்தில் மூளையின் குறுக்குவெட்டு, அதில் ஆரஞ்சு நிறத்தில் சில திட்டுகள். டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இது மத்தவங்க பேசறதைக் கேக்கற இடம். இது நாம பேசறதுக்கு வார்த்தை தயாராகிற இடம். நீங்க அமுக்கின நேரத்துல ரெண்டும் வேலை செஞ்சிருக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஆனா உங்களுக்கு, யாரோ நிஜமாவே பேசினா எந்த இடம் வேலை செய்யுமோ கிட்டத்தட்ட அந்த இடம்தான் இது."

"கிட்டத்தட்டன்னா எவ்வளவு கிட்டங்க?" என்று அக்கா கேட்டார். டாக்டர் சிரித்து, அதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். அக்கா திரையை வெகு நேரம் பார்த்தார். தொடலாமா என்று கேட்டு, திரையில் அந்த ஆரஞ்சுத் திட்டின் மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். அண்ணன் அவருக்குப் பின்னால் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வேலை முடிகிற நேரம். அவர்களோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தேன். வெயில் இறங்கியிருந்தது. நகைக் கடை முன்னால் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. காந்திபுரம் போகிற பஸ்ஸுக்காக நிழலில் இருந்த பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"இத்தனை வருசத்துல நான் ஒரு நாளும் கேட்டதில்லை கண்ணு. அந்த ஆளு என்னதான் சொல்றான்?"

"எந்த ஆளுங்ணா? மூணு பேரு இருக்காங்க."

"மூணு பேரா?"

அவருக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. அக்கா முதலில் பெரியவரைப் பற்றிச் சொன்னார், பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெண்ணைப் பற்றிச் சொன்னார். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது ஆளிடம் வந்ததும் அக்கா டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"'நீ உங்கண்ணனுக்குப் பாரமடி'ங்கறானுங்ணா. அதைத்தான் நெம்ப நாளாச் சொல்லிட்டு இருக்கறான்."

ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் போக வேண்டிய பஸ்தான். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த தடவை சொன்னான்னா," என்றார் அண்ணன், "எங்கண்ணன் அப்படி நெனைக்கலைன்னு சொல்லிப்போடு."

அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "நெசமாலுமே நெனைச்சதில்லீங்களாண்ணா?"

அண்ணன் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.

"ரெண்டு தடவை நெனைச்சிருக்கறேன்" என்றார். "முப்பது வருசத்துல."

"செரிங்ணா" என்றார் அக்கா. அவர் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. "ரெண்டு தடவைதான்னு சொல்லிப்போடறேன்."